குறைமாதக் குழந்தையின் குடலைக் காப்போம்
புதிய சிகிச்சைகளும் குடும்பத்தின் பங்கும்

நலவாழ்வுப் பாடம்



மாதம் முந்திப் பிறந்த குழந்தைக்கு முதலில் வரும் ஆபத்து மூச்சுத் திணறல் என்பதை நம்மில் பலர் அறிவோம். இரண்டாவது ஆபத்து குளிர். மூன்றாவது ஆபத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. மூச்சும் சூடும் சீராகி, எடையும் சிறிது கூடத் தொடங்கி, வீட்டார் ஆறுதல் அடையும் இரண்டாம் மூன்றாம் வாரத்தில் அது வருகிறது. குழந்தையின் வயிறு வீங்குகிறது. குடித்த பால் செரிக்காமல் பச்சை நிறத்தில் திரும்புகிறது. மலத்தில் இரத்தம் காணப்படுகிறது. சில மணி நேரத்துக்குள் குழந்தை சோர்ந்து விடுகிறது.

இது குடலில் ஏற்படும் கடுமையான அழற்சி. வைத்தியர்கள் இதனை நெக்ரோடைசிங் என்டரோகொலைட்டிஸ் என்றும், சுருக்கமாக 'நெக்' என்றும் சொல்வார்கள். குடலின் சுவர் அழன்று, இரத்தம் குன்றி, அழுகிப்போகும் நோய் என்பது அதன் பொருள். இப்பாடத்தில் அதனைக் 'குடல் அழுகல் நோய்' என்றே அழைப்போம்.

வயலையும் தோட்டத்தையும் விட்டு வந்து இக்கரையோரத்தில் வாழும் நமக்கு இந்தப் பாடம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் இந்நோயைப் பற்றி உலகின் பெரிய வைத்தியசாலைகளில் செய்யப்பட்ட ஆய்வுகள் பல புதிய வழிகளைக் காட்டியுள்ளன. அவற்றுள் மிக வலிமையானவை தாயின் கையிலும் குடும்பத்தின் ஏற்பாட்டிலும் தங்கியிருக்கின்றன. இதை அறிந்த குடும்பத்தின் குழந்தைக்கும் அறியாத குடும்பத்தின் குழந்தைக்கும் இடையில் உயிர் அளவிலான வேறுபாடு ஏற்படலாம். அதனால்தான் இதனைப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

1. இந்நோய் யாருக்கு வருகிறது?

கர்ப்பம் 37 வாரங்கள் நிறைவடையுமுன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன. அதாவது பத்துப் பிறப்புகளில் ஒன்று.

இவர்கள் எல்லோருக்கும் குடல் அழுகல் நோய் வருவதில்லை. எவ்வளவுக்கு முந்திப் பிறக்கிறதோ, எவ்வளவுக்கு எடை குறைவோ, அவ்வளவுக்கு ஆபத்து அதிகம். 1,500 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரை இந்நோய்க்கு ஆளாகின்றனர். நோய் கண்டவர்களில் நால்வரில் ஒருவர் அளவில் இறந்து போகின்றனர். சத்திரசிகிச்சை தேவைப்படும் குழந்தைகளில் இறப்பு இதைவிடக் கூடுதல்.

2. ஏன் வருகிறது?

ஒரே ஒரு கிருமியால் வரும் நோயல்ல இது. பல காரணங்கள் சேர்ந்து வருவது.

முதலாவது, குடல் முதிர்ச்சி அடையவில்லை. தாயின் வயிற்றில் இன்னும் இரண்டு மூன்று மாதம் இருக்கவேண்டிய குழந்தையின் குடற்சுவர் மெல்லியது. அதன் அசைவும் மெதுவானது. உள்ளே சென்ற பால் நகராமல் தேங்குகிறது.

இரண்டாவது, நிறைமாதக் குழந்தையின் குடலில் பிறந்த சில நாட்களிலேயே நல்ல நுண்ணுயிர்கள் குடியேறி, தீய கிருமிகளுக்கு இடமில்லாமல் செய்கின்றன. கண்ணாடிப் பெட்டியில், தாயின் உடலைத் தொடாமல், நுண்ணுயிர்கொல்லி மருந்துகளோடு வளரும் குழந்தையின் குடலில் இந்த ஒழுங்கு குலைகிறது. தீய கிருமிகள் பெருகுகின்றன.

மூன்றாவது, குழந்தையின் எதிர்ப்புச் சக்தி அளவோடு வேலை செய்யப் பழகவில்லை. கிருமியைக் கண்டதும் மிதமிஞ்சிக் கிளர்ந்தெழுந்து தன் குடலையே புண்ணாக்கிவிடுகிறது. குடலுக்குச் செல்லும் இரத்தம் குறைய, சுவரின் ஒரு பகுதி மடிந்துபோகிறது. அங்கே ஓட்டை விழுந்தால் குடலில் உள்ள அழுக்கும் கிருமியும் வயிறெங்கும் பரவும்.

நாற்றுமேடையில் வேலை செய்தவர்களுக்கு இது விளங்கும். முளைவிட்டு ஐந்து நாளான மிளகாய் நாற்றுக்கு, காய்க்கும் செடிக்கு இடும் உரத்தை இட்டால் என்ன ஆகும்? உரம் கெட்டதல்ல. அந்த வயதுக்கு அது பொருந்தவில்லை. குறைமாதக் குழந்தையின் குடலுக்கு எந்த உணவு பொருந்தும், எந்த வேகத்தில் பொருந்தும் என்பதே இந்நோய் பற்றிய ஆய்வுகளின் மையக் கேள்வி.

3. வைத்தியசாலையில் என்ன செய்கிறார்கள்?

நோய் இருப்பதாகச் சந்தேகம் எழுந்ததும் வாய் வழியாகப் பால் கொடுப்பதை நிறுத்துவார்கள். வயிற்றுக்குள் ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தித் தேங்கிய நீரையும் காற்றையும் வெளியேற்றுவார்கள். நாளம் வழியாகச் சேலைனும் சத்தும் ஏற்றுவார்கள். கிருமிகளுக்கு எதிரான மருந்தைப் பெரும்பாலும் 7 முதல் 14 நாட்கள் கொடுப்பார்கள். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை வயிற்றை எக்ஸ்றே எடுத்துப் பார்ப்பார்கள். குடற்சுவருக்குள் காற்றுக் குமிழிகள் தெரிவது இந்நோயின் சிறப்பான அடையாளம்.

'பிள்ளைக்குப் பால் கொடுக்காமல் பட்டினி போடுகிறார்கள்' என்று இந்த நேரத்தில் உறவினர்கள் கோபப்படுவதுண்டு. அது பட்டினியல்ல. புண்ணான குடலுக்குக் கொடுக்கும் ஓய்வு. உடலுக்கு வேண்டியது நாளம் வழியாகச் செல்கிறது.

குடலில் ஓட்டை விழுந்திருந்தால் சத்திரசிகிச்சை வேண்டும். மடிந்த பகுதியை வெட்டி எடுத்து, நல்ல குடலின் முனையை வயிற்றின் வெளிப்புறத்தில் திறந்து வைப்பார்கள். சில வாரங்கள் அல்லது மாதங்களுக்குப் பின் மீண்டும் இணைப்பார்கள். மிகச் சிறிய குழந்தைகளுக்கு வயிற்றைத் திறக்காமல் ஒரு வடிகுழாயை மட்டும் வைக்கும் முறையும் உண்டு. இவ்விரண்டில் எது சிறந்தது என்று அமெரிக்காவில் 300க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. மொத்தத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. எனினும் குடல் அழுகல் நோய்தான் என்று முன்கூட்டியே கணிக்கப்பட்ட குழந்தைகளுக்கு, வயிற்றைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சையே நன்மை தருவதாகத் தோன்றியது.

குடலின் பெரும் பகுதியை இழந்து உயிர் பிழைக்கும் குழந்தைக்கு உணவு செரிப்பதிலும் வளர்ச்சியிலும் நீண்டகாலக் குறை ஏற்படலாம். ஆகவே வந்தபின் குணப்படுத்துவதைவிட வராமல் தடுப்பதையே இன்றைய மருத்துவம் பெரிதாக எண்ணுகிறது. புதிய முறைகள் என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை தடுக்கும் முறைகளே. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

4. பிறப்பதற்கு முன்னரே ஓர் ஊசி

குழந்தை முந்திப் பிறக்கப்போகிறது என்று தெரிந்தால், தாய்க்கு ஸ்டீரொயிட் வகை ஊசி கொடுக்கப்படுகிறது. 1972இல் நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹவி என்ற இரு வைத்தியர்கள் இது குழந்தையின் நுரையீரலை விரைவாக முதிரச் செய்வதை நிறுவினர். பின்னர் வந்த ஆய்வுகள் இதே ஊசி குடல் அழுகல் நோயையும் குறைப்பதைக் காட்டின. 2020இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா, பங்களாதேஷ், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளில் 2,852 தாய்மாரிடம் செய்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. ஊசி பெறாத தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு 23.5 பேர் முதல் 28 நாட்களுக்குள் இறந்தனர். ஊசி பெற்றோரின் குழந்தைகளில் அது 19.6 ஆகக் குறைந்தது.

இந்த ஊசி விலையுயர்ந்ததல்ல. ஆனால் நன்றாக வேலை செய்ய அதற்கு நேரம் வேண்டும். பிரசவத்துக்கு ஒரு நாளாவது முன்பு கொடுப்பது சிறந்தது. வலி வந்தும் 'விடியட்டும், போகலாம்' என்று காத்திருந்தால் அந்த நேரம் கைநழுவும். கற்பிட்டி முனையிலிருந்து பாலாவிச் சந்திக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் என்பதை மறவாதீர்கள்.

5. தாய்ப்பால்: எல்லாவற்றிலும் வலிய மருந்து

1990 டிசெம்பரில் இங்கிலாந்தின் லூக்காஸ், கோல் என்ற இரு ஆய்வாளர்கள் 926 குறைமாதக் குழந்தைகளைப் பற்றிய முடிவை வெளியிட்டனர். பால்மா மட்டும் பெற்ற குழந்தைகளிடம், தாய்ப்பால் மட்டும் பெற்றவர்களைவிட 6 முதல் 10 மடங்கு அதிகமாக இந்நோய் காணப்பட்டது. தாய்ப்பாலும் பால்மாவும் கலந்து பெற்றவர்களோடு ஒப்பிட்டாலும் 3 மடங்கு அதிகம். அதன் பின் பல நாடுகளில் செய்த ஆய்வுகள் இதே திசையையே காட்டியுள்ளன.

காரணம் என்ன? தாய்ப்பாலில் குடற்சுவரைப் பூசினாற்போல் காக்கும் எதிர்ப்புப் பொருட்கள் உண்டு. நல்ல நுண்ணுயிர்களுக்கு மட்டும் உணவாகும் ஒருவகைச் சர்க்கரைகள் உண்டு. குடல் முதிர உதவும் பொருட்களும் உண்டு. முந்திப் பிறந்த குழந்தையின் தாய்க்குச் சுரக்கும் பாலில் புரதமும் எதிர்ப்புப் பொருளும் வழமையைவிட அதிகம். 'மாதம் நிறையாமல் பெற்றவளின் பால் தண்ணீர்ப் பால்' என்று வீட்டிலுள்ள மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது தவறு. அந்தக் குழந்தைக்கென்றே அந்தப் பால் சுரக்கிறது.

அப்படியானால் பால்மா நஞ்சா? அப்படிச் சொல்லக் கூடாது. 2024 ஒக்டோபரில் அமெரிக்காவின் மூன்று அரச சுகாதார நிறுவனங்கள் சேர்ந்து ஒரு கருத்தை வெளியிட்டன. குறைமாதக் குழந்தைகளுக்கான பால்மா நேரடியாக இந்நோயை உண்டாக்குகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. தாய்ப்பால் கிடைக்காமற் போவதே ஆபத்தைக் கூட்டுகிறது என்பது அதன் சாரம். தாய்ப்பாலோ தானப் பாலோ கிடைக்காத இடத்தில், வைத்தியர் சொல்லும் பால்மா குழந்தையை வாழவைக்கும் உணவே. பால் சுரக்காத தாயை யாரும் குற்றவாளி ஆக்கவேண்டாம்.

குழந்தைக்கு உறிஞ்சும் பலம் இல்லாதபோது பாலைக் கையால் பிழிந்தெடுத்துக் குழாய் வழியாகக் கொடுக்கலாம். பிரசவித்த முதல் சில மணி நேரத்துக்குள் பிழியத் தொடங்கவேண்டும். பகலும் இரவுமாக 24 மணி நேரத்தில் 8 தடவைக்குக் குறையாமல் பிழிய வேண்டும். முதலில் சில துளிகளே வரும். அந்தச் சீம்பால், நம்மவர் சொல்லும் கடும்புப் பால், மிக விலைமதிப்பானது. ஒரு துளியையும் வீசவேண்டாம். 1,000 கிராம் எடையுள்ள குழந்தைக்குத் தொடக்கத்தில் ஒரு நாளுக்குத் தேவைப்படுவது 10 முதல் 20 மில்லிலீட்டர், அதாவது இரண்டு முதல் நான்கு தேக்கரண்டி மட்டுமே. 'எனக்குப் பால் போதாது' என்று அஞ்சும் தாய் இந்தக் கணக்கை அறிந்திருக்க வேண்டும்.

6. தானமாகப் பெறும் தாய்ப்பால்

தாய் கடும் நோயுற்றால் அல்லது இறந்தால் என்ன செய்வது? பிற தாய்மார் மனமுவந்து கொடுக்கும் பாலைச் சேகரித்து, அவர்களது இரத்தத்தைப் பரிசோதித்து, பாலை 62.5 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்கிக் கிருமி நீக்கி வைக்கும் நிலையங்களைத் தாய்ப்பால் வங்கி என்பர். ஆசியாவின் முதலாவது தாய்ப்பால் வங்கியை 1989இல் மும்பாயின் சயன் வைத்தியசாலையில் வைத்தியர் ஆர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கினார். தமிழ்நாட்டில் 2015 முதல் பல அரச வைத்தியசாலைகளில் இவ்வங்கிகள் ஏற்படுத்தப்பட்டன. புதுச்சேரி ஜிப்மர் வைத்தியசாலையின் தாய்ப்பால் வங்கிக்கு 'அமுதம்' என்று பெயர். சொந்தத் தாயின் பால் இல்லாதபோது தானப் பாலுக்குப் பதிலாகப் பால்மா கொடுத்தால், குடல் அழுகல் நோய் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் கண்டனர்.

இங்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். நம்முடைய வாசகர்களில் பெரும் பகுதியினர் முஸ்லிம் குடும்பத்தினர். ஒரே தாயிடம் பாலருந்திய பிள்ளைகள் பால்குடிச் சகோதரர்கள் ஆவர், அவர்களிடையே திருமணம் கூடாது என்பது இஸ்லாமிய மார்க்கத்தின் நெறி. பலரின் பாலைப் பெயர் தெரியாமல் கலந்து கொடுப்பது இந்நெறியை மீறுமா என்ற கேள்வி நேர்மையானது. 2019இல் பங்களாதேஷின் டாக்காவில் தொடங்கவிருந்த வங்கி ஒன்று இந்தக் கேள்வியால் தடைப்பட்டது. அத்தகைய நிலை வந்தால் வைத்தியரிடம் உங்கள் தயக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் மௌலவியிடமும் ஆலோசனை கேளுங்கள். கொடுப்பவர் யார் என்று பதிவு செய்து, இரு குடும்பமும் அறியக் கொடுப்பது ஒரு வழியாகப் பேசப்படுகிறது. பிற தாயின் பாலை வைத்தியருக்குத் தெரியாமல் கொடுப்பது மட்டும் கூடாது. பால் வழியாகவும் சில நோய்கள் பரவும். தாயின் சொந்தப் பால் போதிய அளவு கிடைத்தால் இந்தக் கேள்வியே எழாது.

7. நல்ல நுண்ணுயிர்களை ஊட்டுதல்

புதிய முறைகளில் அதிகம் பேசப்படுவது இது. நல்ல நுண்ணுயிர்களைத் தூளாகவோ துளியாகவோ பாலில் கலந்து கொடுக்கிறார்கள். இவற்றைப் புரோபயாட்டிக் என்பர். கொல்கத்தாவில் 186 குழந்தைகளிடம் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், இதைப் பெறாதவர்களில் நூற்றுக்கு 15.8 பேருக்கும், பெற்றவர்களில் 5.5 பேருக்கும் குடல் அழுகல் நோய் வந்தது. அவுஸ்திரேலியா, நியூசிலாந்தில் 1,099 குழந்தைகளிடம் செய்து 2013இல் வெளிவந்த ஆய்வில் இந்நோய் நூற்றுக்கு 4.4 இலிருந்து 2.0 ஆகக் குறைந்தது. ஆனால் இங்கிலாந்தில் 1,300க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் வேறொரு நுண்ணுயிரைக் கொடுத்துப் பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வில் பயன் எதுவும் தெரியவில்லை. எந்த நுண்ணுயிர், எந்தச் சேர்க்கை என்பதைப் பொறுத்தே பலன் அமைகிறது.

2022இல் உலக சுகாதார நிறுவனம், 32 வாரத்துக்கு முன் பிறந்து தாய்ப்பால் அல்லது தானப் பால் பெறும் குழந்தைகளுக்கு இதைக் கொடுப்பது பற்றி யோசிக்கலாம் என்று அறிவுறுத்தியது. 2023இல் அமெரிக்காவில் இத்தகைய தயாரிப்பைப் பெற்ற 1,000 கிராமுக்குக் குறைந்த குழந்தை ஒன்று, அந்த நுண்ணுயிரே இரத்தத்தில் பரவியதால் இறந்தது. அதையடுத்து அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. ஆகவே மருந்துக் கடையில் கிடைக்கும் தூளைக் குடும்பத்தார் தாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. தயிர்த் தண்ணீர், மோர் போன்றவற்றையும் கொடுக்கக் கூடாது. இது வைத்தியர் தீர்மானிக்க வேண்டிய விடயம்.

8. அளவு, வேகம், தேவையற்ற மருந்து

பாலை மெதுவாகக் கூட்டினால் குடலுக்குப் பாதுகாப்பு என்று நெடுங்காலம் நம்பினர். இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் 2,804 குழந்தைகளிடம் செய்து 2019இல் வெளிவந்த ஆய்வு, நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 18 மில்லிலீட்டர் கூட்டினாலும் 30 மில்லிலீட்டர் கூட்டினாலும் இந்நோயின் அளவில் வேறுபாடு இல்லை என்று காட்டியது. எனவே இன்று முதல் நாட்களிலேயே சிறிதளவு தாய்ப்பால் தொடங்கி, ஒழுங்கான அட்டவணைப்படி கூட்டுகிறார்கள். தேவையில்லாமல் நீண்ட நாட்கள் நுண்ணுயிர்கொல்லி கொடுப்பதையும், வயிற்றின் அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளையும் தவிர்க்கிறார்கள். இவை இந்நோயோடு சேர்ந்து காணப்பட்டதே காரணம். 'எங்கள் பிள்ளைக்கு மருந்து குறைவாகக் கொடுக்கிறார்கள்' என்று வருந்த வேண்டாம். சில வேளைகளில் கொடுக்காமல் இருப்பதும் சிகிச்சையே.

9. தாயின் நெஞ்சுச் சூடு

1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் இன்கியூபேட்டர் பெட்டிகள் போதாமையால், வைத்தியர் எட்கார் ரே குறைமாதக் குழந்தைகளைத் தாயின் நெஞ்சோடு தோலுக்குத் தோலாக அணைத்துக் கட்டிவைக்கச் சொன்னார். வறுமையில் பிறந்த இந்த முறையைக் 'கங்காருப் பராமரிப்பு' என்கிறோம். குழந்தைக்குச் சூடு கிடைக்கிறது. தாய்க்குப் பால் சுரக்கிறது. தாயின் உடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் குழந்தைக்குச் செல்கின்றன.

இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய நாடுகளில் 1,000 முதல் 1,799 கிராம் வரை எடையுள்ள 3,211 குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2021இல் வெளியானது. பிறந்த உடனேயே இம்முறையைத் தொடங்கியபோது 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 12.0, உடல்நிலை சீரானபின் தொடங்கியபோது 15.7. பயன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்தி, எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார்கள். இன்று நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இதைச் செய்யும்படி உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தாய் களைத்தால் தகப்பனின் நெஞ்சும் பாட்டியின் நெஞ்சும் உதவும்.

10. நமது கரையோரத்தில்

வீடு திரும்பிய பின்னும் சிறு குழந்தையைக் காக்க வேண்டும். இங்கே நமது கிணற்று நீரைப் பற்றிப் பேசியாக வேண்டும். கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் நிலத்தில் வெங்காயம், மிளகாய், மரக்கறித் தோட்டங்களுக்கு இடும் உரம் நீரோடு கீழிறங்கி நிலத்தடி நீரில் சேர்கிறது. 1980கள் முதல் செய்யப்பட்ட ஆய்வுகள், தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு மிகுந்திருப்பதைக் காட்டியுள்ளன. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீட்டருக்கு 50 மில்லிகிராம். இதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாயலாம். இது குடல் அழுகல் நோய் அன்று, வேறொரு ஆபத்து. நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

பால்மாத் தூளும் முற்றிலும் கிருமியற்றது அல்ல. 1998இல் பெல்ஜியத்தின் ஒரு வைத்தியசாலையில் 12 குழந்தைகளுக்குக் குடல் அழுகல் நோய் வந்ததை ஆராய்ந்தபோது, பால்மாவில் இருந்த ஒரு கிருமியோடு அதற்குத் தொடர்பு காணப்பட்டது. எனவே பால்மா தவிர்க்க முடியாதபோது குழாய் நீர் அல்லது பரிசோதித்த நீரைக் கொதிக்க வைத்து, 70 பாகைக்குக் குறையாத சூட்டில் கரைத்து, பின் ஆற்றி உடனே கொடுக்க வேண்டும். மீதியை வைத்திருக்கக் கூடாது.

11. குடும்பம் செய்ய வேண்டியவை

தாய்ப்பாலும் நெஞ்சுச் சூடும் இலவசம் என்று சொல்வது எளிது. உண்மையில் அவற்றுக்கு விலை உண்டு. புத்தளத்திலோ சிலாபத்திலோ கொழும்பிலோ குறைமாதக் குழந்தைகள் பிரிவில் பிள்ளை இருக்கும்போது, தாய் வாரக் கணக்கில் அருகில் இருக்க வேண்டும். வீட்டில் மற்றப் பிள்ளைகள் இருப்பார்கள். வெங்காயம் பிடுங்கும் காலமாக இருக்கலாம். கணவனின் நாட்கூலி போய்விடும். இந்தச் சுமையைத் தனித்துத் தாங்க முடியாத தாய் இரண்டு நாளுக்கு ஒரு தடவை வந்து போகிறாள், பால் வற்றிவிடுகிறது. ஊர் கூடி அந்தச் சுமையைப் பங்கிட்டால் பால் வற்றாது. ஆகவே கீழ்க்காணும் ஏற்பாடுகளைக் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்துக்கு முன்பே செய்துகொள்ளுங்கள்.

(அ) கர்ப்பம் என்று அறிந்தவுடன் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதியுங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் சில 2009க்குப் பின் மன்னார், முசலிப் பக்கம் திரும்பி, இங்கும் அங்குமாக வாழ்கின்றன. இத்தகையோரின் பெயர் இரண்டு இடத்திலும் விடுபடக் கூடும். கர்ப்பவதிப் பதிவட்டையை எங்கு சென்றாலும் கையில் வைத்திருங்கள்.

(ஆ) 37 வாரத்துக்கு முன் வயிறு இறுகி இறுகி விடுதல், நாரிநோவு, நீர் உடைதல், இரத்தம் படுதல் இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையின் எண் 1990. நம்மில் எவரும் மறக்க முடியாத எண் அது. இம்முறை ஓர் உயிரைக் காக்க அதைப் பயன்படுத்துவோம்.

(இ) சிறுநீர் எரிவு, காய்ச்சல், இரத்தச் சோகை இவற்றைச் சிறிதாக எண்ணாதீர்கள். இவை பிரசவத்தை முந்தச் செய்யலாம். கர்ப்பிணியைப் பாரமான நீர்க்குடம் சுமக்கவும் நாசினி தெளிக்கவும் விடாதீர்கள்.

(ஈ) தாய் வைத்தியசாலையில் இருக்கும் காலத்தில் யார் சமைப்பது, யார் மற்றப் பிள்ளைகளைப் பார்ப்பது, யார் தோட்டத்துக்கு நீர் இறைப்பது என்று முன்னரே பேசி முடிவு செய்யுங்கள். தாயோடு மாறி நின்று குழந்தையை அணைத்துக்கொள்ள ஒருவரை நியமியுங்கள்.

(உ) பிறந்த குழந்தைக்குத் தேன், சர்க்கரைத் தண்ணீர், பேரீச்சம்பழச் சாறு, எண்ணெய் போன்ற எதையும் வைத்தியரைக் கேட்காமல் வாயில் வைக்காதீர்கள். மார்க்கச் சடங்காகச் செய்ய விரும்பினால், குழந்தை தேறியபின் செய்யலாமா என்று வைத்தியரையும் பெரியோரையும் கேளுங்கள்.

(ஊ) வயிறு வீங்கி இறுகுதல், பச்சை வாந்தி, மலத்தில் இரத்தம், சோர்வு, உடல் குளிர்தல், மூச்சு விட்டு விட்டு வருதல் இவற்றில் ஏதாவது கண்டால் உடனே தாதியிடம் சொல்லுங்கள். 'தொந்தரவு என்று நினைப்பார்கள்' எனத் தயங்காதீர்கள். குழந்தையோடு நாள் முழுதும் இருக்கும் தாயின் கண்ணுக்கே மாற்றம் முதலில் தெரியும்.

குழுவில் கலந்துரையாட

1. நமது குடியிருப்பில் இப்போது எத்தனை கர்ப்பிணிகள் உள்ளனர்? அவர்களில் எத்தனை பேர் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்துள்ளனர்?

2. நள்ளிரவில் ஒரு தாயைப் புத்தளம் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல நம்மிடம் என்ன வாகனம் உண்டு? அம்புலன்ஸ் வந்து சேரும்வரை வழிகாட்டி நிற்பவர் யார்?

3. ஒரு தாய் ஆறு வாரம் வைத்தியசாலையில் தங்க நேர்ந்தால், மாதர் சங்கமோ சேமிப்புக் குழுவோ அந்த வீட்டுக்கு எவ்வகையில் உதவலாம்? இதற்கென ஒரு சிறு நிதி ஒதுக்க முடியுமா?

4. நமது கிணற்று நீர் பரிசோதிக்கப்பட்டதா? சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இதுபற்றி யார் கேட்டு வருவது?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது இந்த நான்கு கேள்விகளுக்கும் விடைகளை ஒரு தாளில் எழுதி, பொறுப்பேற்றவர்களின் பெயரோடு கொண்டு வாருங்கள்.